வாசலில் நிற்காதவள்

ஒலிவ அறுவடையின் ஒன்பதாம் நாள் முற்பகலில் ஆயர் மக்ரோபியைக் கைது செய்தார்கள்.

நான் ஆலையில் இருந்தேன். அரைத்த விழுதைக் கூடைகளில் நிரப்பி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தோம். ஆயருக்கு உதவியாளாக இருந்த தியாக்கோன் பரிக் ஓடி வந்தான். நாளைக் காலை ஊருக்கு வெளியே வைத்துத் தலையை வெட்டப்போகிறார்கள் என்றான். ஆளுநர் அந்த வாரம் எங்கள் ஊர் தபாக்காவிலேயே தங்கியிருந்தார். விசாரணை ஒரு வேளைச் சோறு தின்னும் நேரம்கூட எடுக்கவில்லை. பெயர் கேட்டாராம். ஆயரா என்று கேட்டாராம். தேவர்களுக்குத் தூபம் போடுவாயா என்று கேட்டாராம். மாட்டேன் என்றாராம் மக்ரோபி.

பரிக் அழுதான். வேலையாட்களில் நம்மவர்கள், கிறிஸ்துவின் சபையார், மூன்று பேர் அப்படியே முழந்தாளிட்டார்கள். நான் கையிலிருந்த கூடையைக் கீழே வைக்கவில்லை. எனக்குத் துக்கம் வரவில்லை. நாளைக்கு இவர் போய்விட்டால் என் அக்காவின் தலையில் யார் கை வைத்து மன்னிப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

அக்கா குதுல்லா ஆலைக்கு மேலிருந்த அறையில் படுத்திருந்தாள். காலில் தொடங்கிய வீக்கம் வயிற்றுக்கு வந்துவிட்டது. இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவள் ஏழு வருடமாகச் சபையில் பிட்டுக் கொடுக்கும் அப்பத்தை உண்ணவில்லை. ஆயர் அவள் தலையில் கைவைத்து மன்னித்தால்தான் அவள் வாயில் அப்பம் படலாம். அப்படியே செத்தால் நம்மவர்களின் கல்லறையில் இடம் கிடையாது. அவளுக்காக யாரும் ஜெபத்தில் பெயர் சொல்லக்கூடாது.

ஏழு வருடத்துக்கு முன்னால் முந்தைய பேரரசனின் ஆணை வந்தது. ஒவ்வொரு வீட்டாரும் மேட்டுக் கோவிலுக்குப் போய்த் தூபம் போட்டு, பலியிட்ட இறைச்சியில் ஒரு வாய் தின்று, சாட்சிச் சீட்டு வாங்க வேண்டும். ஆலையும் வீடும் அக்கா பெயரில் இருந்தன. அவள் விதவை. என் கணவன் மிக்கின் எண்ணெய் விற்கக் கார்த்தேஜுக்குப் போயிருந்தான். எனக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு அப்போது நான்கு வயது.

நான் பிள்ளைகளோடு எண்ணெய் அறையில் சால்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அக்கா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பினாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. தெரியும். அவள் போய், வீட்டிலுள்ள எல்லோருக்கும் சேர்த்து நான் போடுகிறேன் என்று சொல்லித் தூபம் போட்டுவிட்டு வந்தாள். சீட்டில் நான்கு பெயர்கள் இருந்தன. என் பெயர் இரண்டாவது. வந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்தாயா என்று கேட்டாள்.

மேட்டுக்கு ஏறியவள் அவள். ஏறாதவள் நான். அதனால் அவள் தவறியவள், நான் தவறாதவள். ஆண்டவர் நாளில் கிடைக்கும் அப்பத்தை எல்லோரையும் போல நானும் சிறு பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். தினமும் காலையில், வேறெதுவும் வாயில் படுமுன், அதில் ஒரு துண்டு. ஏழு வருடமாக அவள் வீட்டில், அவள் கூரையின் கீழ், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் அதைத் தின்றேன்.

மிக்கினைக் கார்த்தேஜில் பிடித்தார்கள். அவன் தூபம் போடவில்லை. தண்ணீர் கொடுக்காமல் வைத்து எட்டாம் நாள் கொன்றார்கள். சாவதற்கு முன் கூட இருந்த ஒருவனைக் கொண்டு ஒரு சீட்டு எழுதி அனுப்பினான். அவனுக்கு எழுதத் தெரியாது. ‘குதுல்லாவுக்குச் சமாதானம் கொடுங்கள். என் சாவை அவள் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்’ என்று இருந்தது. சிறையில் விசுவாசத்துக்காகச் சாகிறவன் தவறியவர்களை மன்னித்துச் சேர்த்துக்கொள்ளும்படி அப்படிச் சீட்டுக் கொடுக்கலாம் என்பது அன்றைக்கு எல்லா ஊரிலும் வழக்கம்.

ஆயர் மக்ரோபி அந்தச் சமயம் ஊரில் இல்லை. ஆணை வந்த மூன்றாம் நாளே உறவினர் ஒருவரின் பண்ணைக்குப் போய்விட்டார். பதினான்கு மாதம். அங்கிருந்து கடிதம் எழுதுவார். உறுதியாக இருங்கள் என்று எழுதுவார். பேரரசன் போரில் செத்த பிறகு திரும்பி வந்து தன் இருக்கையில் உட்கார்ந்தார். நான் மிக்கினின் சீட்டை அவரிடம் கொடுத்தேன். படித்தார். செத்தவன் ஆயர் ஆகமாட்டான் என்று சொல்லி நான்காகக் கிழித்தார். தவறியவர்கள் சாக்கு உடுத்திச் சபை கூடும் வீட்டு வாசலில் நிற்கவேண்டும், உள்ளே போகிறவர்களின் காலைப் பிடித்து எனக்காக ஜெபியுங்கள் என்று அழவேண்டும், எத்தனை வருடம் என்று நான் சொல்வேன் என்றார்.

நின்றார்கள். நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். சிலருக்கு மூன்று வருடத்தில் கை வைத்தார். சிலருக்கு ஐந்து. அக்கா ஒரு நாள்கூட நிற்கவில்லை. சாக்கு உடுத்தச் சொன்னால் ஒலிவ மூட்டைக்கே சாக்குப் பத்தவில்லை என்பாள்.

வாசலில் நிற்காதவர்களுக்கு மக்ரோபி வேறு ஒரு விதி வைத்திருந்தார். உடம்பு நன்றாக இருந்தபோது அழாதவர்கள் சாகக் கிடக்கும்போது கேட்டால் கொடுக்கக் கூடாது. அது மனம் வருந்திக் கேட்பது அல்ல, சாவுக்குப் பயந்து கேட்பது.

நான் கூடையை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். செய்தியைச் சொன்னேன்.

அக்கா கண்ணைத் திறக்காமல் கேட்டாள். “எண்ணெய் எப்படி வருது?”

“அக்கா, நாளைக்கு அவர வெட்டப்போறாங்க.”

“கேட்டேன். எண்ணெய் எப்படி வருது?”

“பச்சையா வருது. கசக்குது.”

“மொத பிழிவு அப்படித்தான் இருக்கும். தண்ணி ஊத்திடப் போறானுங்க, கீழ போ.”

என் பெட்டியைத் திறந்து ஒரு துண்டு அப்பத்தை எடுத்து அவள் உதட்டருகே கொண்டுபோனேன். இதற்கு முன்னும் இரண்டு முறை செய்திருக்கிறேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“திருடித் திங்க மாட்டேன்,” என்றாள். “அவன் கையால குடுத்தாத்தான்.”

“அப்ப ஒரு நாள் வாசல்ல நின்னிருக்கலாமில்ல?”

“எதுக்கு? நீயும் பிள்ளைங்களும் உசிரோட இருக்கறதுக்கா?”

அவள் சொன்னதை மறுத்தால் என் பெண்கள் இல்லை. ஒத்துக்கொண்டால் நான் தினமும் தின்ற அப்பம் யாருடையது? கீழே இறங்கி வந்தேன். யார் மேல் கோபம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லோர் மேலும். மக்ரோபி மேல் அதிகம்.

நெசவாளர் தெருவில், படை அதிகாரி ஒருவரின் வீட்டில் அவரை வைத்திருந்தார்கள். தெருவில் நம்மவர்கள் நிறைந்து நின்றார்கள். காவல்காரன் வாசலில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தான். அவனைச் சுற்றி ஐந்தாறு கூடைகள்.

“நீ என்ன கொண்டு வந்திருக்க?” என்றான். “அத்திப்பழம்னா திருப்பி எடுத்துட்டுப் போ. உங்க ஆளு காலைல சாவாரு, நான் ராத்திரியே வயிறு வெடிச்சுச் செத்துருவேன்.”

“ஒண்ணும் கொண்டு வரல. சண்டை போட வந்திருக்கேன்.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “அப்ப உள்ள போ. காலைலேருந்து எல்லாம் அழுகையாவே இருக்கு.”

உள்முற்றத்தில் மக்ரோபி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். காலில் சங்கிலி. இரண்டு பெண்கள் குனிந்து அந்தச் சங்கிலியை முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தியை எனக்குத் தெரியும். துணிக்கடைக்காரன் மனைவி. மேட்டுக்குப் போகாமலே எழுத்தரிடம் சாட்சிச் சீட்டு வாங்கிக்கொண்டவள். ஒரு வருடம் வாசலில் நின்றாள், கை வைத்துவிட்டார். இப்போது சங்கிலிக்கு முத்தம் கொடுக்கிறாள். பரிக் ஓரமாக உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்லச் சபைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். இப்போதும் கடிதம்.

மக்ரோபி இளைத்திருந்தார். முன்பு வழக்காடியவர். எங்கள் ஊர்ப் பேச்சைக்கூட மன்றத்தில் நின்று பேசுவதுபோலப் பேசுவார். அன்று அந்தக் குரல் இல்லை. கையில் ஒரு ரொட்டித் துண்டு இருந்தது. தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வந்த காரியத்தைச் சொன்னேன். குதுல்லாவுக்கு நாளையோ மறுநாளோ. பரிக்கை அனுப்பிக் கை வைக்கச் சொல்லுங்கள். ஆயர் சொன்னால் தியாக்கோன் வைக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் விதியைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். சாவு பயத்தில் கேட்பதை மனவருத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது மகளே என்றார்.

“சாவு பயத்துல கேக்கறது சேத்தி இல்லன்னா,” என்றேன், “சாவு பயத்துல ஓடினது எதுலய்யா சேத்தி?”

பரிக்கின் எழுதுகோல் நின்றது. துணிக்கடைக்காரன் மனைவி என் தோளைப் பிடித்தாள். நான் உதறினேன்.

ஒரு ஊரில் துன்புறுத்தினால் மறு ஊருக்குப் போங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் என்றார் மக்ரோபி. மேய்ப்பன் செத்தால் மந்தையை யார் மேய்ப்பார்கள் என்றார். இதையெல்லாம் நான் பத்து முறை கேட்டிருக்கிறேன்.

“அந்த மறு ஊர்ல மீன்குளம் இருந்துச்சாமே,” என்றேன். “மிக்கினுக்கு எட்டு நாள் தண்ணியில்ல.”

பரிக்கையும் அந்தப் பெண்களையும் வெளியே போகச் சொன்னார். போனார்கள். ரொட்டியை மடியில் வைத்தார். தெருவில் சங்கீதம் பாடத் தொடங்கினார்கள். காவல்காரன் அவர்களைச் சுருதி சேர்த்துப் பாடச் சொல்லித் திட்டுவது கேட்டது.

“மிக்கின் சீட்டுல தப்பு ஒண்ணும் இல்ல,” என்றார்.

“அப்ப ஏன் கிழிச்சீங்க?”

“அந்தச் சீட்டு செல்லும்னு நான் சொல்லிட்டா, நின்னு செத்தவன் பெரியவன்னு ஆயிடும். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அந்த இருக்கைல உக்காருவேன்?”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கையை ஓங்கியிருப்பேன். ஓங்கவில்லை. ஏழு வருடம், ஒரு நாற்காலிக்காக. அக்கா தினமும் விடியுமுன் எழுந்து, நான் அப்பப் பெட்டியைத் திறக்கும் நேரத்தில், ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று வெளியே போய்விடுவாள். நல்ல மழையிலும் போவாள். அதை அவரிடம் சொன்னேன். அந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் என் குரல் உடைந்தது. உடைந்ததற்காகவும் எனக்குக் கோபம் வந்தது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசலில் நிற்கவேண்டியதை நான் தள்ளிவிடுகிறேன் என்றார். சாக்கு வேண்டாம், வருடக் கணக்கு வேண்டாம். பரிக் இப்போதே உன்னோடு வரட்டும். ஆனால் அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தப்பு செய்தேன் என்று. அது இல்லாமல் கை வைத்தால் அந்தக் கைக்கு அர்த்தம் இல்லை என்றார்.

“அவ சொல்ல மாட்டா.”

“அத மட்டும் என்னால தள்ள முடியாதும்மா. அது என்னோடது இல்ல.”

இதை அவர் வழக்காடுகிற குரலில் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது. முழுப் பொய்யராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பரிக் என்னோடு வந்தான். வழியெல்லாம், நாளைக்கு ஒரு சாட்சியின் இரத்தத்தைப் பார்க்கப்போகிறோம், இரத்தத்தால் பெறும் ஞானஸ்நானம் எல்லாப் பாவத்தையும் கழுவிவிடும் என்று பேசிக்கொண்டே வந்தான்.

“அவருக்கு ஒரே வெட்டுல எல்லாம் கழுவிடும்,” என்றேன். “எங்க அக்காவுக்கு ஏழு வருஷமாக் கழுவல. நல்ல கணக்குடா உங்களுது.”

அவன் என்னை விட்டுப் பின்தங்கி நடந்தான்.

அறைக்குள் வந்ததும் அவன் கதவோரமே நின்றான். அக்காவுக்கு அவன் பயப்படுவான். எங்கள் ஆலையில் கூடை சுமந்தவன்தான். நான் நடந்ததைச் சொன்னேன். சீட்டைப் பற்றி அவர் ஒத்துக்கொண்டதையும் சொன்னேன். நாற்காலி என்றதும் அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. பிறகு அந்த ஒரு வார்த்தையைப் பற்றிச் சொன்னேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நான் அவளிடம் கெஞ்சியது வாழ்க்கையில் அது ஒரு முறைதான். உனக்காக வேண்டாம், எனக்காகச் சொல் என்றேன். நீ வெளியே கிடந்தால் நான் உள்ளே எப்படி நிற்பேன் என்றேன்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது.

“பரிக்கு,” என்றாள். “நீ எப்பவாவது ஓடினியா?”

அவன் தலையைக் குனிந்தான். அவனும் அந்த வருடம் மலைக்கு ஓடி ஒளிந்தவன்.

“இவன்கிட்ட நான் என்னத்தச் சொல்றது,” என்றாள் என்னிடம். “அந்த ஆளு மூஞ்சியப் பாத்துச் சொல்றேன். காலைல என்னத் தூக்கிட்டுப் போ.”

நான் அவள் நெற்றியை முத்தமிட்டேன். சம்மதித்துவிட்டாள் என்று நினைத்தேன். பரிக் அழுதான்.

காலையில் அவளுக்கு வெந்நீரில் உடம்பு துடைத்து, வெள்ளை உடுப்புப் போட்டேன். அதைத்தான் கேட்டாள். காய் பறிக்கும் ஏணியில் வைக்கோல் பரப்பி, அதில் படுக்கவைத்தோம். ஆலை ஆட்கள் நான்கு பேர் தூக்கினார்கள். அதில் இரண்டு பேர் நம்மவர்கள் அல்ல. கேட்காமலே வந்தார்கள்.

ஊரின் கிழக்கு வாசலுக்கு வெளியே, மணல் பள்ளம் ஒன்று உண்டு. ஊரே அங்கே இருந்தது. பார்ப்பதற்காகச் சிலர் மரங்களில் ஏறியிருந்தார்கள். மக்ரோபி மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். உள்ளுடுப்போடு முழந்தாளிட்டிருந்தார். அவரைச் சுற்றி மணலில் துணிகளை விரித்திருந்தார்கள். கைக்குட்டை, துவாலை, மேசைவிரிப்பு. இரத்தம் படவேண்டும் என்று. துணிக்கடைக்காரன் மனைவி புத்தம் புது லினன் துணி விரித்து, பக்கத்துத் துணியைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். பதினான்கு மாதம் இந்த மனிதரைக் கோழை என்று கிணற்றடியில் பேசிய வாய்கள்தான். இப்போது ஒவ்வொன்றும் ஜெபம் சொல்லியது. நாளை முதல் அவர் ஓடியதை யாரும் சொல்லமாட்டார்கள். சொல்கிறவள் நான் ஒருத்திதான் இருப்பேன். என்னைப் பைத்தியம் என்பார்கள்.

அவர் கண்ணைத் தானே கட்டிக்கொள்ளப் பார்த்தார். முடிச்சு விழவில்லை. பரிக் போய்க் கட்டினான்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே போனேன். ஏணிக்கு வழி விடுங்கள் என்று கத்தினேன். வழி விடவில்லை. தூபம் போட்டவளை ஏன் இங்கே கொண்டுவருகிறாய் என்று ஒருத்தி கேட்டாள். ஆலை ஆட்கள் ஏணியாலேயே இடித்துத் தள்ளினார்கள். அதிகாரி கையை உயர்த்தினார். என்ன என்றார். சாகிறவரிடம் ஒரு வார்த்தை என்றேன். சீக்கிரம் என்றார். வெட்டுகிறவன் வாளை மணலில் ஊன்றி நின்றான். இளைஞன். அவனுக்கும் நெற்றியில் வேர்த்திருந்தது.

ஏணியை அவருக்கு எதிரே, விரித்த துணிகளின் மேலேயே இறக்கினோம். லினன் மேல் சேற்றுக்கால் பட்டது. யாரோ என்னைத் திட்டினார்கள்.

“யாரு?” என்றார் மக்ரோபி, கட்டிய கண்ணோடு.

“குதுல்லாவக் கொண்டுவந்திருக்கேன்,” என்றேன்.

பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அவர் கையை முன்னால் நீட்டினார். காற்றில் தேடினார். நான் அந்தக் கையைப் பிடித்து அவள் தலைக்கு மேலே கொண்டுபோனேன். விரல்கள் அவள் முடியைத் தொடுவதற்கு ஓர் அங்குலம் இருந்தபோது அவராகவே நிறுத்திக்கொண்டார்.

“சொல்லும்மா,” என்றார். “ஒரே ஒரு வார்த்த. கைய வெச்சிடறேன்.”

அக்கா முழங்கையை ஊன்றி எழுந்தாள். பிடிக்கப்போன என் கையைத் தட்டிவிட்டாள். கட்டிய அந்த முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நீங்க மொதல்ல சொல்லுங்கய்யா.”